ஆறுவிரலாரின் வரிக்கொய்யா

"ஆறுவிரல்" என்ற பெயரை நான் முதலில் கேட்டது சித்தி வீட்டுச் சமையலறையில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. சித்தி மகளுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு வலது கட்டைவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரலாம்.

"நர்சரி வெச்சிருக்காரு. அந்த விரல்தான் ராசியாம், தொட்டதெல்லாம் துளிர்க்குமாம்" என்றார் சித்தி.

"யாரு சொன்னா?"

"மாப்பிள்ளையேதான்."

அப்போதே எனக்கு ஆள் பிடிபட்டுவிட்டது.

அந்த விரலின் வரலாறு எனக்குத் தெரியும். அவர் அப்பாவுக்கு இருந்தது, அவர் தையல்காரர். அத்தைக்கு இடது கையில். அத்தை மகனுக்கு இரண்டு கையிலும், அவன் பஸ் கண்டக்டர். மூவரும் ஒரு கீரைப்பாத்திகூடப் போட்டதில்லை. பிறகு பிறந்த இவர் மகளுக்கும் அதே விரல். அவள் ரோஜாத் தொட்டியைத் தொட்டால் தும்முவாள்.

கல்யாணமான பிறகு, நர்சரியில் மண் கலப்பது, பை நிரப்புவது, பதியன் போடுவது எல்லாம் அந்தச் சித்தி மகள், என் தங்கை. இவர் சலவைச் சட்டையோடு வாசலில் நின்று, வருகிறவர்களிடம் விரலைக் காட்டுவார். என் தங்கையின் நகக்கண்ணில் இருக்கும் மண்ணை யாரும் பார்க்கக் கேட்கவில்லை.

அங்கே பின்வேலியோரம் ஒரு கொய்யா மரம். ஒரு வருஷம் அதில் ஒரே ஒரு கிளையில் மட்டும் இலைகள் ஓரமெல்லாம் வெள்ளையாக வந்தன. காயிலும் வெள்ளை வரி. கண்டவள் என் தங்கை. மறுநாள் முதல் அது "நான் உண்டாக்கின வரிக்கொய்யா" ஆகிவிட்டது.

நகரப் பூங்கா அதிகாரி காதுக்கு விஷயம் போனது. அடுத்த பருவத்துக்குள் ஐம்பது வரிக்கன்று கொடுத்தால் பூங்காவுக்கு இனி எல்லாச் செடியும் இவர்களிடம்தான் என்றார். அந்தத் தெருவில் பெரிய நர்சரி ஒன்று வந்து இவர்கள் வியாபாரம் படுத்திருந்த நேரம். இது கிடைத்தால் நர்சரி பிழைக்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

"ஏங்க, அந்தக் கிளையில பதியன் போட்டுடலாம்" என்றாள் தங்கை.

"ஒரு பழத்துல எத்தனை விதை இருக்கு, பார்த்தியா? பதியன் போட்டு என்னைக்கு ஐம்பது தேத்துறது? விதையை நான் தூவினா போதும்."

தூவினார், ஆறு விரலாலும். முளைத்தவற்றில் பாதிக்குமேல் சாதாரணப் பச்சை. மிச்சம் தண்டும் இலையும் பால் போல வெள்ளை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கே போன் போட்டார்.

"அண்ணி, தாய்க்கு ஓரம் மட்டும்தான் வெள்ளை. பிள்ளைங்க முழு வெள்ளை. வந்து பாருங்க."

நான் போய்ச் சேர்வதற்குள் வெள்ளைக் கன்றுகள் எல்லாம் சுருண்டு படுத்திருந்தன. பன்னிரண்டு நாள் உயிர். தங்கை ஊற்றிய தண்ணீரில் தப்பு, அவள் கலந்த மண்ணில் தப்பு என்று ஒரு பட்டியல் வாசித்தார்.

தங்கை போய் விவசாயக் கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாளை அழைத்து வந்தாள். அந்த அம்மாள் கிளையைத் தடவிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"பச்சை இல்லாத கன்னுக்குத் தனக்குச் சாப்பாடு தயாரிக்கத் தெரியாதுங்க. விதையில இருந்தது தீர்ந்ததும் போயிடும். யார் தண்ணி ஊத்தினாலும் அப்படித்தான்."

"தாய்க்கிளை மட்டும் எப்படி உயிரோட இருக்குதாம்?" என்றார் இவர்.

"அதுல நடுவுல பச்சை இருக்கே. கிளை விடுற ஒரு மொட்டுல, அதுவும் கொஞ்சப் பாகத்துல மட்டும் ஏதோ மாறியிருக்கு. மொட்டு வளர்ந்து கிளையாச்சு. பச்சையும் வெள்ளையும் சேர்ந்த அந்த அமைப்பு விதை வழியா அப்படியே இறங்காது. கிளையிலேர்ந்தே கன்னு எடுக்கணும்."

"என் விரல் என் மகளுக்கு வந்திருக்கே?"

"அது நீங்க கருவாகும்போதே உடம்பு பூராவும் எழுதிட்ட மாற்றம். அதான் இறங்குது. நல்லதும் செய்யல, கெட்டதும் செய்யல. சும்மா ஒரு விரல், அவ்வளவுதான்."

சும்மா ஒரு விரல். இருபது வருஷமாக நான் சொல்ல நினைத்ததைப் படித்த வாய் சொல்லிவிட்டுப் போனது. மனிதர் முகம் வேகாத கத்தரிக்காய் மாதிரி ஆயிற்று.

அதிகாரி சொன்ன கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. கிளையை மரத்திலேயே விட்டு, பதினைந்து இடத்தில் பட்டையைச் சீவிப் பாசி கட்டி வேர் விடவைத்துப் பதியன் போடலாம், மிச்சத்துக்கு அதிகாரியிடம் தவணை கேட்கலாம் என்று கணக்குப் போட்டு, தங்கை பாசியும் பிளாஸ்டிக் தாளும் வாங்கக் கடைக்குப் போனாள். நான் கன்றுப் பைகளை நனைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அதிகாரி போனில் வந்தார். கன்று எங்கே, நிஜமாகவே அப்படி ஒரு கிளை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

"இருக்கா, இல்லையான்னு இப்பவே கொண்டாந்து காட்டறேன்" என்றார் இவர்.

நான் குழாயைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் அந்தக் கிளையில் ரம்பம் பாதி இறங்கியிருந்தது. கிளையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வெயிலில் போனார். அதிகாரி பார்த்தாராம், நம்பினாராம். "சரி, கன்று?" என்றாராம்.

தங்கை திரும்பி வந்து வெட்டுவாயைப் பார்த்தாள். அழவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இதுல ஒரு இலைகூட மிச்சம் வைக்கலயா?"

"இல்லடி."

சாயங்காலம் கிளை வாடித் தொங்கத் திரும்பி வந்தது. அதை நறுக்கி மண்ணில் செருகிப் பார்த்தாள், ஒன்றும் வேர் விடவில்லை. வெட்டிய இடத்தில் வந்த துளிர்கள் எல்லாம் சுத்தப் பச்சை. பூங்கா வேலை அந்தப் பெரிய நர்சரிக்குப் போனது. நர்சரி அந்த வருஷமே மூடப்பட்டது. தங்கை அந்தக் கல்லூரித் தோட்டத்தில் பதியன் போடும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவர் இப்போது ஒரு பல்பொருள் அங்காடியின் வாசலில், வருகிறவர்களின் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிறார்.