மெத்தென்று தைத்த சீட்

முப்பது வருஷம் நான் சீட் தைத்தவள். மைசூரில் ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சீட் கவர் போடும் கடை ஒன்றில், பின்பக்கத் தடுப்புக்குள், மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்குச் சரிப்பட்டது. ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டி, மேலே ரெக்ஸினை இழுத்துத் தைத்து முடித்ததும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பேன். விரல் அமிழ்ந்து மெதுவாக மேலே வந்தால் நல்ல சீட். எந்த வண்டியும் ஓட்டத் தெரியாத எனக்கு, சீட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தக் கட்டைவிரல் சொன்னதுதான்.

கண் மங்கியதும் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் நானும் மகனும்தான். அவனுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. நாற்பதை நெருங்கும்போது சர்க்கரைதான் வந்தது. அவன் அப்பாவுக்கும் அதே சர்க்கரை. முதலில் கால் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். கடைசியில் ஆளே போய்விட்டார். மகன் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்து நின்ற அன்று நாங்கள் இரண்டு பேருமே அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவன் கால்களைத்தான் பார்த்தோம்.

டாக்டர் தினமும் உடம்பு வேர்க்க வேண்டும் என்றார். மகனுக்கு நஞ்சன்கூட்டில் கம்பெனி வேலை. அதுவரை பஸ்ஸில் போனவன், கூட வேலை செய்கிறவர் ஓட்டி வைத்திருந்த ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தான். வளைந்த கைப்பிடி, விரல் தடிமனில் டயர், காய்ந்து ஒடுங்கிய ஒரு சீட்.

"இதுல மனுசன் உக்கார முடியுமாடா? கருவாட்டு மேல உக்கார்ற மாதிரி இருக்குது."

"உக்கார்றதுக்கில்லம்மா, ஓட்டறதுக்கு" என்று சிரித்தான்.

ஓட்டினான். விடிந்ததும் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு ஸ்ரீரங்கப்பட்டணம் வரை ஒரு சுற்று. ஆறே மாதத்தில் சர்க்கரை இறங்கியது. டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். அன்று சாப்பிடும்போது அவன் காலை நீட்டி உட்கார்ந்து விரல்களை ஆட்டிக் காட்டினான், குழந்தை மாதிரி.

சைக்கிளுக்கென்று பஞ்சு வைத்துத் தைத்த நிக்கர் ஒன்று போட்டுக்கொண்டு போவான். அதைத் துவைப்பது நான். ஒரு நாள் அதில் புளியங்கொட்டை அளவுக்கு ரத்தக் கறை இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, கறை போகக் கசக்கி, காயப் போட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கறை. சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"என்ன சாமி, ஒருக்களிச்சு உக்கார்றே?"

"பர்வாகில்லம்மா."

பரவாயில்லை என்பதற்குக் கன்னடம். மைசூரில் பாதிப் பேச்சு அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அவன் அப்பாவும் கால் விரல் கறுத்தபோது இதையேதான் சொன்னார்.

நான் கேட்டிருக்கலாம். பெற்ற மகன்தான், குளிப்பாட்டி வளர்த்தவள்தான். ஆனால் நாற்பது வயது ஆம்பளையிடம் அந்த இடத்தைப் பற்றி எப்படிக் கேட்பது? எனக்கு வாய் வரவில்லை. வாய் செய்யாததைக் கை செய்தது. அவன் தூங்கி எழுவதற்குள் சைக்கிள் சீட்டை அளவெடுத்து, இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு வைத்து, நல்ல ரெக்ஸினில் வீட்டு மெஷினிலேயே ஒரு உறை தைத்து மாட்டிவிட்டேன். கட்டைவிரலால் அழுத்தினேன். அமிழ்ந்து மெதுவாக மேலே வந்தது. அத்தனை வருஷத்தில் நான் தைத்ததிலேயே மெத்தென்ற சீட் அதுதான்.

அவன் பார்த்துவிட்டு, "அம்மா, சோபா மாதிரி இருக்குது. நான் கம்பெனிக்குப் போறேனா, மாமியார் வீட்டுக்குப் போறேனா?" என்றான்.

"மாமியார் வீடு ஒண்ணு இருந்திருந்தா, நான் எதுக்குடா நீ உக்கார்ற எடத்துக்குத் தைக்கப் போறேன்?"

இரண்டு பேரும் சிரித்தோம். கறையைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தைத்துக் கொடுத்ததிலேயே எல்லாம் பேசியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கூட்டாளிகளோடு தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாலாறு செக்போஸ்ட் வரை போய் வருவதாகக் கிளம்பினான். கொள்ளேகால், ஹனூர் வழியாக மலை ஏறி இறங்க வேண்டும். நாங்கள் பிறந்த பக்கம் அது என்பதால் அவனுக்கு ஆசை. போவதற்கு ஒரு நாள், வருவதற்கு ஒரு நாள் என்றான். மூன்றாம் நாள் மத்தியானம் சைக்கிளை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தான். வாசலில் நின்றவன் உள்ளே வந்தும் உட்காரவில்லை. கையைத் தொட்டேன், கொதித்தது.

"எங்கடா வலிக்குது?"

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவனால் உட்கார முடியவில்லை, பின் சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு வந்தான்.

சீழ் உள்ளே வெகு ஆழம் போயிருந்தது. அன்றைக்கே அறுத்தார்கள். சர்க்கரை உடம்பு, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். புண்ணைத் தைத்து மூடவும் முடியாதாம். திறந்தே இருக்க வேண்டும், தினமும் மருந்துத் துணியை உள்ளே வைத்து வைத்து அடியிலிருந்து ஆற வேண்டும். எல்லாவற்றையும் தைத்தே பழகிய எனக்கு அது விளங்கவே இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸம்மா தமிழில் கேட்டார். "வீட்ல யாரு கட்டு மாத்துவாங்க?"

மகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"நான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"வெக்கமெல்லாம் பாக்காதீங்கம்மா. கை கழுவுங்க. துணி அடி வரைக்கும் போவணும், மேலாப்ல வெச்சுட்டு வந்துடாதீங்க."

நாலு மாதம் வைத்தேன். எதைக் கேட்க வெட்கப்பட்டேனோ அதைத் தினமும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். முதலில் என் விரல் பாதிக்கு மேல் உள்ளே போனது. அவன் தலையணையைக் கடித்துக்கொள்வான். படுத்தே கிடந்ததில் சர்க்கரை ஏறியது. குறைத்த மாத்திரை திரும்ப வந்தது, பிறகு ஊசி வந்தது. நாங்கள் மறுபடியும் அவன் கால்களைப் பார்க்கத் தொடங்கினோம்.

ஒரு நாள் கட்டு மாற்றும்போது, சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "அம்மா, சீட் மெத்துன்னு இருந்தா எலும்பு உள்ள போயிடுது. நடுவுல ஸ்பாஞ்சு பிதுங்கி மேல வந்து சதையை அழுத்துது. சூடு வேற, வேர்வை வேற. தேய்ஞ்சு தேய்ஞ்சு புண்ணாயிடுது."

என் கை நின்றுவிட்டது. "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ மாட்டுன ரெண்டாவது நாளே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏண்டா கழட்டலே?"

"நீ தைச்சதும்மா."

துணியை அடி வரைக்கும் வைத்தேன். வேறென்ன செய்வது?

புண் மூடிய பிறகு, சைக்கிள் ஓட்டலாம், ஆனால் சரியான சீட் போட வேண்டும் என்றார் டாக்டர். சைக்கிள் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் கன்னடக்காரர், தமிழ் கொஞ்சம் வரும். அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து ஸ்டூல் மேல் வைத்து, குதிகாலைத் தூக்கி முன்னால் சாய்ந்து உட்காரச் சொன்னார். மகன் எழுந்தபோது அட்டையில் இரண்டு பள்ளங்கள் பதிந்திருந்தன, யாரோ இரண்டு கட்டைவிரலால் அழுத்தியது போல. அந்த இரண்டு எலும்பும் சீட்டின் மேல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் கணக்கு என்றார். டேப் தேடினார். என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும், எடுத்து நானே அளந்தேன். பழைய சீட் அந்த அளவுக்கு ஒரு விரல் அகலம் குறைவு. முதல் புண் அதனால் வந்தது. இரண்டாவதை நான் வரவழைத்தேன்.

பின்பக்கம் அகலமாக, நடுவில் நீளமாகப் பள்ளம் விட்ட ஒரு சீட்டை எடுத்து வைத்தார். கை தன்னால் போய் அழுத்திப் பார்த்தது. விரல் அமிழவே இல்லை.

"கல்லு மாதிரி இருக்குதுங்களே."

"பெரல்ல பாக்கபேடம்மா" என்றார் கடைக்காரர், விரலால் பார்க்க வேண்டாம் என்று, பாதி கன்னடமும் பாதி தமிழுமாக. "பெரலா அதுமேல உக்காருது?"

அதைத்தான் வாங்கினோம். முதல் நாள் தெருமுனை வரை, பிறகு கால் மணி நேரம், பிறகு அரை மணி என்று ஓட்டினான். சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. எங்களுக்குள் ஒரு பழக்கமும் வந்தது, பேசி வைத்ததல்ல. திரும்பி வந்ததும் நிக்கரின் உள்பக்கத்தை வெளியே திருப்பி வாளி விளிம்பில் போட்டுவிட்டுப் போவான். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் நனைப்பேன்.

போன வாரம் ஒரு நாள் வாளி காலியாக இருந்தது. நிக்கர் கொடியில் தொங்கியது, துவைத்து, பிழிந்து. அவன் ஒரு கைக்குட்டை துவைத்தும் நான் பார்த்ததில்லை.

"ஏண்டா நீ துவைச்சே?"

"சும்மாதான். பர்வாகில்லம்மா."

"அந்த வார்த்தை இனிமே இந்த வீட்ல வேண்டாம். திரும்பு."

லுங்கியைத் தளர்த்தினான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினான். பழைய தழும்புக்குப் பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு கொப்புளம், சிவந்து இருந்தது. நான் சைக்கிள் பக்கம் போய் ஸ்பானரைப் போட்டு சீட்டைத் திருகிக் கழற்றினேன். கடைக்காரர் மாட்டும்போது பார்த்து வைத்திருந்தேன். கொண்டு வந்து தையல் மெஷின் டிராயருக்குள் வைத்து மூடினேன்.

"ஓட்டாம இருந்தா சர்க்கரை ஏறும்மா" என்றான்.

"அது ஆறட்டும். அது வரைக்கும் ஊசி இருக்குது."

அவன் கால்களைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னேன். அவனும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.