யமுனையில் சூடேறிய வாட்டர் ஸ்கூட்டரும் ஒரு சிவப்புப் புடவையும்

டெல்லியில் யமுனையில் வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் கணினியில் அடிக்கிறாள். 2002, நவம்பர் கடைசி ஞாயிறு. அப்போது லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் முத்துக்குமார் தன் அலுவலக விளையாட்டு மன்றத்துக்குச் செயலாளர். மன்றத்தார் பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவிட்டார்கள். பத்து நிமிஷம் ஓடினால் எஞ்சின் சூடாகி அலறுகிறதாம். நான் தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின்களோடு கிடந்தவன். “வாங்க மாமா, ஒரு தடவ பாத்துருவோம்” என்றார்.

காலை ஆறரைக்கு டெம்போவில் ஏற்றினோம். வாடகை 450 ரூபாய். ரிங் ரோடு வழியாக வஜீராபாத் தாண்டி ஜகத்பூர் கிராமத்துக் கரைக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பனிமூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டெம்போக்காரர் ஆற்றைப் பார்த்துவிட்டு, “பாபா, இந்தக் கோஹ்ராவுல, இந்தப் பனிமூட்டத்துல, மீனே ரஜாய்ப் போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்கும். நீங்க எங்க போறீங்க?” என்று இந்தியில் கேட்டார். நாங்கள் சிரித்தோம்.

இந்த வண்டிக்குத் தனி ரேடியேட்டர் கிடையாது. அடிவயிற்றில் உள்ள கம்பித் தட்டி வழியாக ஆற்றுத் தண்ணீரை இழுத்து, அதில் கொஞ்சத்தைக் கொண்டுதான் எஞ்சினைக் குளிர்விக்கும். விலாப்பக்கத்து ஓட்டையில் சின்னப் பிள்ளை ஒண்ணுக்குப் போகிற மாதிரி தண்ணீர் பீச்சினால் எல்லாம் சரி. சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். குழாயில் மணல் அடைத்திருந்தது. கம்பி விட்டு எடுத்தேன். பழைய கோளாறு அதோடு தீர்ந்தது.

எட்டரைக்குத் தண்ணீரில் இறக்கினோம். இருவருக்கும் மிதவைச் சட்டை. நான் ஓட்ட, மருமகன் பின்னால். ஓட்டையில் தண்ணீர் நன்றாகப் பீச்சியது. அந்தத் தைரியத்தில் ஆற்றோட்டத்தோடு கீழே இறங்கிவிட்டோம். பனியில் தூரம் தெரியவில்லை. திடீரென்று பீச்சல் நூலாக மெலிந்து நின்றது. எச்சரிக்கை மணி கத்தியது. உடனே அணைத்தேன்.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. வஜீராபாத் தடுப்பணை மதகு வழியாகத் தண்ணீர் விழுகிற இரைச்சல். எவ்வளவு பக்கம் என்று சொல்ல முடியவில்லை. நாலா பக்கமும் வெள்ளை. மருமகன் கையால் தண்ணீரை அள்ளி எஞ்சின்மேல் ஊற்றப் போனார். தடுத்தேன். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

“அப்ப அணைக்குள்ள போய் விழுறதா மாமா?”

“கொஞ்சம் பேசாம இரிங்க மாப்ள. பக்கத்துல பாருங்க.”

ஆகாயத்தாமரைக் கொத்துகள் எங்களைத் தாண்டி அணைப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. நுரையும் போனது. நாங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றோம். நங்கூரம் கொண்டுவரவில்லை. யாரோ அடியில் பிடித்திருந்தார்கள்.

எப்படியும் தட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். நான் தண்ணீரில் இறங்கினேன். எலும்பு வரை குளிர். அடியில் கை விட்டால் துணி. உள்ளே சுற்றிக்கொண்டு, மறுமுனை விறைப்பாக மேலோட்டத்துப் பக்கம் நீண்டது. அதைப் பிடித்துக்கொண்டே மூன்று, நான்கு முழம் போனேன். விரல்கள் தட்டுப்பட்டன. விரலுக்கு மேலே வளையல்.

“மாப்ள, கீழ ஒரு கை இருக்கு.”

“வெளயாடாதீங்க மாமா!”

மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுபடி தொட்டேன். மணிக்கட்டில் வைக்கோல் குத்தியது. பக்கத்தில் இன்னொரு கை, அதன் பக்கத்தில் இன்னொன்று. போன மாதம் நவராத்திரி முடிந்து யாரோ ஆற்றில் கரைத்த வைக்கோல் துர்க்கை. கரையாமல் படுத்திருந்தாள், அவள் சிவப்புப் புடவைதான் எங்கள் எஞ்சினுக்குள் இருந்தது.

சீட்டடியில் வைத்திருந்த கத்தியை எடுக்கச் சொன்னேன். மருமகன் தரவில்லை.

“அம்மன் புடவை மாமா. கத்தி வைக்காதீங்க. அதுவும் இல்லாம, அறுத்தா நாம போயிருவோம்.”

“அவளத்தான புடிச்சிக்கிட்டு நிக்கோம். முதல்ல முன்கொக்கியில ஒரு முடிச்சு போடுதேன். பொறவு உள்ள கிடக்க துண்ட மட்டும் அறுக்கேன். அவகிட்ட நீங்களே சொல்லிருங்க.”

அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கத்தியைத் தந்தார். முடிச்சுப் போட்டேன், அறுத்தேன், தட்டிக்குள்ளிருந்து ஜரிகையும் கிழிசலுமாகப் பிடுங்கினேன். பிறகு நான் மேலே ஏற, அரை மணி நேரம் சூடு ஆறக் காத்திருந்தோம். இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

எஞ்சின் பிடித்தது, பீச்சலும் வந்தது. ஆனால் ஈர முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. மறுபடி கத்தி வைக்க மனமில்லாமல், புடவை தொய்ந்ததும் முன்கொக்கியை எட்டி முடிச்சை அவிழ்க்கும்படி மருமகனிடம் சொல்லிவிட்டு, மேலோட்டத்தில் ஒரே ஒரு தள்ளுக் கொடுத்து அணைத்தேன். ஓடவிட்டால் தொய்ந்த புடவை மறுபடி உள்ளே போய்விடும். வண்டி சத்தமில்லாமல் அவள்மேல் வழுக்கியது. குனிந்து பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கீழே முகம். வண்ணம் போன கண்கள் என்னை நேராகப் பார்த்தன.

“அவுந்துருச்சு மாமா” என்றார் மருமகன். “நான் இழுக்கவே இல்ல.”

வண்டி பின்னால் நகரத் தொடங்கியது, இந்தத் தடவை நிற்காமல். இரைச்சல் கூடியது. முதல் தடவை எஞ்சின் இருமியது. இரண்டாவது தடவையும். மூன்றாவதில் பிடித்தது. கரை சேர்ந்தபோது டெம்போக்காரர், “க்யா பாபா, பேய பாத்தீங்களா?” என்று கேட்டார். மருமகன் காய்ந்த மணலில் உட்கார்ந்து வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிறவர்கள் பனிக்காலத்தில் பத்து மணிக்கு முன் இறங்காதீர்கள். அணைப்பக்கம் போகவே வேண்டாம். விலாவில் பீச்சல் மெலிந்தால் மணி அடிக்கும்வரை காத்திருக்காமல் அணையுங்கள். நவராத்திரி முடிந்த இரண்டு மாதம் அடித்தட்டியைப் பார்த்துப் பார்த்து ஓட்டுங்கள். கத்தி, கயிறு, சின்ன நங்கூரம் கட்டாயம் வேண்டும். எங்களை அன்று ஒருத்தி பிடித்து நிறுத்தினாள். உங்களையும் நிறுத்துவாள் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.