பன்னிரண்டாம் ஸ்தலத்துப் பாட்டு யாருக்கு?

மலாயாவில் அவசரகாலம் கடுமையாக இருந்த வருஷங்கள் அவை. மலாக்காவில், டுரியான் துங்காலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். டவுனில் வளர்ந்தவள் நான். மாதா கோயிலில் நன்றாகப் பாடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரால், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் ஒன்று முழுக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

காட்டுக்குள் ஒளிந்திருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று அரசாங்கம் தோட்டத்து ஆட்களை எல்லாம் முள்கம்பி வேலிக்குள் சேர்த்துக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தைவிட உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்னத் தோட்டத்தின் சனங்களை லாரியில் ஏற்றி வந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். எங்களைப் போலவே அவர்களிலும் பாதிப் பேர் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அதனால் ஒரே கோயிலுக்கு இரண்டு கூட்டம் ஆகிப்போனது. பழைய லயத்தார், புது லயத்தார்.

தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடக்கும். இயேசு சிலுவை சுமந்து போன வழியைப் பதினான்கு படங்களாகக் கோயில் சுவரில் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு படமும் ஒரு ஸ்தலம். ஒவ்வொன்றின் முன்னும் செபம் சொல்லி, நாலு அடி பாடி, அடுத்ததற்கு நகர வேண்டும். பாட்டின் வார்த்தைகள் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். மெட்டுதான் வேறு. அவரவர் தாத்தாமார் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மெட்டு. பழைய லயத்தார் மெட்டு நடைபோடுகிற மாதிரி ஒரே சீராகப் போகும். புது லயத்தாருடையது மூன்றாவது அடியில் சட்டென்று கீழே இறங்கி, இழவு வீட்டு ஒப்பாரி மாதிரி ஒலிக்கும்.

முதல் வெள்ளிக்கிழமை இரண்டு கூட்டமும் தத்தம் மெட்டில் ஒரே நேரத்தில் பாடினார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்தி என்று எதுவும் மிஞ்சவில்லை. சந்தை இரைச்சல்தான் மிஞ்சியது. மாதம் ஒருமுறை வந்துபோகிற வெள்ளைக்காரச் சாமியாரிடம் முறையிட்டால், அவர் தன் புத்தகத் தமிழில், "இது சிறிய காரியம். டீச்சர் எந்தக் கூட்டத்தையும் சேராதவர். அவரே பாட்டைத் தெரிவு செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆர்மோனியம் மட்டும் தபசு முடியும்வரை கூடாது என்று அதை மூடிவைத்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவருக்குச் சிறிய காரியம்.

பழைய லயத்துப் பாட்டுக்கு ஒரு மண்டோர் தலைமை. மரம் சீவும் ஆட்களை மேற்பார்க்கிறவர். கனத்த குரல், அதைவிடக் கனத்த பிடிவாதம். புது லயத்துக்கு ஓர் அக்கா. மரம் சீவுகிறவர்தான், கைக்குழந்தையோடு கோயிலுக்கு வருவார். அவர் வாயைத் திறந்தால் கூரை ஓடு அதிரும். ஒற்றைப்படை ஸ்தலங்கள் ஒருவருக்கு, இரட்டைப்படை மற்றவருக்கு என்று பிரித்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாளே மண்டோர் பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, பன்னெண்டாவது ஸ்தலம் அவங்களுக்குப் போவுதே."

பன்னிரண்டாவதில்தான் ஆண்டவர் உயிர்விடுகிறார். எல்லோரும் முழந்தாளிட்டுக் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டுப் பாடுகிற இடம்.

"அதனால என்னாங்க?"

"இந்தக் கோயிலு எங்கப்பா காலத்துல எங்க ஆளுங்க பலகை தூக்கிக் கட்டுனது. ஆண்டவரு சாவுற எடத்துல, நேத்து லாரியில வந்து எறங்குனவங்க பாடுறதா?"

இது குழாயடிக்குப் போய்ச் சேர, அந்த அக்கா குடத்தோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். "கோயிலு மண்டோரு கட்டுனதுன்னா இருக்கட்டும் டீச்சர். ஆண்டவரையும் அவருதான் செஞ்சாரான்னு கேளுங்க."

ஒரு வாரம் இரட்டைப்படை இவர்களுக்கு, மறுவாரம் அவர்களுக்கு என்று மாற்றினேன். ஆண்டவர் இறந்த நாளான பெரிய வெள்ளிக்கிழமை யார் முறையில் விழும் என்று இருவருமே அன்றைக்கே விரல் விட்டு எண்ணிவிட்டார்கள். அது மண்டோர் பக்கம் விழுந்தது. அக்கா அதற்குப் பிறகு என்னோடு பேசும்போதெல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே பேசினார். இதற்கு நடுவில் பழைய லயத்துக் குமரிகள் சிலர் வந்து, சினிமா மெட்டு ஒன்றில் இதே வார்த்தைகள் அழகாக உட்காருகின்றன, பாடிக் காட்டட்டுமா என்றார்கள். விரட்டிவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஊரடங்கு. எங்கள் கோயில் வேலிக்கு வெளியே, ரோட்டோரம் இருந்தது. கேட்டை மூடும் முன்னால் எல்லோரும் உள்ளே வந்தாக வேண்டும். துப்பாக்கியோடு காவலுக்கு வரும் மலாய்க்காரத் தம்பி கோயில் வாசலில் நின்று, "சிக்கு, சூடா ஹபிஸ்கா?" என்று, முடிந்துவிட்டதா டீச்சர் என்று, கேட்டுக்கொண்டே இருப்பான். உள்ளே இவர்களோ, எதிராளி இழுத்ததைவிட ஒரு மூச்சாவது அதிகம் இழுக்காமல் அடுத்த ஸ்தலத்துக்கு நகர மாட்டார்கள். எத்தனையோ தடவை புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு டவுனுக்கே பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்திருக்கிறேன்.

பாஸ்குவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின வாரம், அந்த அக்காவின் புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ரப்பர் பால் ஏற்றும் லாரியில் வேலை செய்கிறவர். கேட்டில் சோதனை போட்டபோது அவர் சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம் அரிசியும் காய்ச்சல் மாத்திரையும் இருந்தனவாம். ரெம்பியா பக்கம் சுகமில்லாமல் கிடந்த மச்சானுக்கு என்று அவர் சொல்லியிருக்கிறார். காட்டுக்காரர்களுக்கு என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த நாளில் அப்படிப் போனவர்களில் சிலரை விசாரணையே இல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. பரிந்து பேசினால் நம்மையும் சேர்த்து எழுதிக்கொள்வார்கள் என்று பயம். அரிசி வாங்க நிற்கும் வரிசையில் அவருக்கு முன்னாலும் பின்னாலும் இடைவெளி விட்டு நின்றார்கள். அவரோடு பாடுகிற பெண்கள்கூடக் குழாயடியில் அவரைக் கண்டால் குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஒருமுறை அவர் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்த வேகத்தில் திரும்பி வந்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை அவர் வந்தார். பிள்ளைகளோடு கடைசியில், சுவரோரம் உட்கார்ந்தார். சுற்றிலும் பாய் காலியாக இருந்தது. அன்றைக்கு ஒற்றைப்படை ஸ்தலங்கள் புது லயத்தாருக்கு. முதல் ஸ்தலத்தில் அவர் எடுத்துக்கொடுப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் வாயே திறக்கவில்லை. அவர் எடுக்காமல் மற்றவர்களும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்த மெட்டை நான் ஒருத்தியே கீச்சுக் குரலில் பாடினேன். மூன்றாம் ஸ்தலம், ஐந்தாம் ஸ்தலம், எல்லாம் அப்படியே. இரட்டைப்படை வந்தால் மண்டோர் கூட்டம் கணீரென்று பாடியது. உங்கள் சண்டை இப்போது எங்கே போனது, ஆளுக்கு ஒரு வாய் திறந்தால் என்ன என்று எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல் பொங்கியது.

பன்னிரண்டாம் ஸ்தலம் வந்தது. முழந்தாளிட்டோம். மௌனம். வாசலில் காவல் தம்பி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். அது மண்டோர் கேட்ட இடம், தபசு முழுக்கச் சண்டை போட்டு வாங்கிய இடம். அவர் தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்தார்.

ஆரம்பித்தது புது லயத்து மெட்டில்.

முதலில் எனக்கே புரியவில்லை. தவறி எடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாவது அடியும் அதே மெட்டில் போனது. அத்தனை வெள்ளிக்கிழமையும் எதிரில் நின்று முறைத்துக்கொண்டே அதை முழுசாகப் பாடம் பண்ணியிருக்கிறார் மனிதர். மூன்றாவது அடியில், குரல் கீழே இறங்க வேண்டிய இடத்தில், அவருக்கு இறக்கத் தெரியவில்லை. மேலேயே பிடித்து இழுத்தார். கேட்கக் கண்றாவியாக இருந்தது. ஆனால் அந்த இடத்தில்தான் புது லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பழைய லயத்தாரும் தெரிந்தவரை சேர்ந்தார்கள். சுவரோரம் இருந்த அக்கா பாடவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாட்டு முடிந்து எழுந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு பெண் அவர் கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

முடிந்து வெளியே வந்தோம். கேட்டுக்கு விரைகிற அவசரத்திலும் அந்த அக்கா மண்டோரை நிறுத்தினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மூணாவது அடிய அப்பிடி இழுக்கக் கூடாதுண்ணே. அங்க எறக்கணும்."

அதுவரை அவர் மண்டோரை அண்ணன் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"எறக்கணும்னா நீ பாடியிருக்கணும்லா. நான் என்னாத்தக் கண்டேன்" என்றார் மண்டோர். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, முன்னால் பார்த்தபடியே, "பாஸ்கு முடிஞ்சதும் அலோர் காஜா போலீஸ் ஸ்டேசனுக்குப் போவலாம். ஆபீஸ் கிராணிய இங்கிலீஸ் பேசக் கூட்டிக்கலாம். ஒன் வூட்டுக்காரரு கெட்டவரு இல்லன்னு நான் வந்து சொல்றேன்" என்றார்.

போனார். ஒரு தடவை இல்லை, பல தடவை போனார். இரண்டாம் தடவை அவரையே ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துக் கேள்வி கேட்டு அனுப்பினார்கள். மறுபடியும் போனார். ரெம்பியாவில் இருந்த மச்சானை அழைத்துவந்து நிறுத்தினார். மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அந்தப் புருஷன் மெலிந்துபோய் வீடு திரும்பினார். அதற்குள் புது லயத்துப் பெண்கள் அக்காவின் வீட்டில் முறைவைத்துப் பிள்ளை பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த தபசு காலத்தில் இருவரும் ஒற்றுமையாகிவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. தபசு தொடங்குகிற சாம்பல் புதன் கழிந்த மறுநாளே மண்டோர் பள்ளிக்கூட வாசலில் நின்றார், பெரிய வெள்ளிக்கிழமைக்கு யார் முறை என்று கேட்டுக்கொண்டு. சாயங்காலம் அக்கா குடத்தோடு வந்தார்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. எங்கள் கோயிலில் தபசு காலம் வந்தால் இன்றும் இந்தப் பாட்டா அந்தப் பாட்டா என்று யாராவது என்னிடம் வழக்குக் கொண்டுவருவார்கள். இன்றும் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனாலும் அவர்களைத் துரத்தாமல் கடைசிவரை கேட்கிறேன். எல்லோரும் விலகி நின்ற அந்த வாரத்தில் அந்த அக்காவின் பக்கம் முதலில் வந்து நின்றவர், தபசு முழுக்க அவரோடு மல்லுக்கட்டிய மனிதர்தான் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.