பாதி நெற்றி

பாச்சாங் வட்டாரத்தில் ஒரு பார்மசியில் முகப்பூச்சுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. முதுமையைத் தள்ளிப்போடும் கிரீம்களும் சீரம்களும் என் பொறுப்பு. ரெட்டினால் ராத்திரியில் மட்டும்தான் போட வேண்டும், அதுவும் ஆரம்பத்தில் வாரத்துக்கு ஓரிரு தடவை. பிள்ளை உண்டாகியிருந்தால் தொடவே கூடாது. வைட்டமின் சி பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஹையலூரானிக் அமிலம் ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர, தோலில் விழுந்த கோட்டை அழிக்காது. தினமும் இதையே சொல்லிச் சொல்லி, பேசுவது நான்தானா என்று சில நேரம் சந்தேகம் வந்துவிடும்.

ஒருநாள் காலை, பத்து பெரண்டாமில் இருக்கும் எங்கள் வீட்டில் நின்றபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாயின் வலது ஓரமாகக் காப்பி வழிந்து சட்டையில் கொட்டியது. துடைத்துவிட்டு இன்னொரு வாய் குடித்தேன். அதுவும் வழிந்தது. குருபோங்கிலுள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? சிரி பாப்போம்.”

சிரித்தேன். அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஸ்ட்ரோக்கா இருக்கப் போகுதுலா. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

டாக்டர் கைகளைத் தூக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். புருவத்தை உயர்த்தச் சொன்னார். நெற்றியின் இடது பாதிதான் சுருங்கியது. மூளையில் கோளாறு இல்லை, முகவாதம், முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் போகப்போகச் சரியாகிவிடும் என்றார். மாத்திரை கொடுத்தார். மூட முடியாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும், தூங்கும்போது இமையை ஒட்டிவைக்க டேப்பும் கொடுத்தார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் கணவர் அழுதார். நான் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. இமைக்காத வலது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் தானாக வடிந்துகொண்டிருந்தது. நான் அழுகிறேன் என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடுப்பு முடிந்து முகக்கவசத்தோடு வேலைக்குத் திரும்பினேன். பார்மசிஸ்ட், சின்னப் பெண், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, கொஞ்ச நாள் பின்னால ஸ்டோர்ல வேலை பாக்குறீங்களா?”

“வேணாம்மா. இங்கயே நிக்கிறேன்.”

அந்த வாரத்திலேயே என் வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். மகளுக்குக் கல்யாணமாம். நெற்றிக் கோடுகளுக்கு எது நல்லது என்று கேட்டார். ஒரு பெப்டைட் சீரத்தை எடுத்துக் காட்டினேன்.

“நெத்தியச் சுருக்குற தசைய இது அமைதியாக்கும்னு கம்பெனியில சொல்றாங்க. கோடு கொஞ்சம் மங்கலாம். மறைஞ்சு போகாதுக்கா.”

அவர் போத்தலைப் பார்க்கவில்லை. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க இதுதான் போடுறீங்களா? இந்தப் பக்கம் ஒரு கோடுகூட இல்ல. அந்தப் பக்கம் இருக்கு. பாதி மூஞ்சில போட்டுக் காட்டுறீங்களா?”

“இது கிரீம் இல்லக்கா. நரம்பு வேலை செய்யல.”

“சும்மா சொல்லாதீங்கலா. எந்தப் போத்தல், காட்டுங்க.”

முகக்கவசத்தைக் கீழே இறக்கினேன்.

அவர் கிட்டே வந்து பார்த்தார். பிறகு, “வலிக்குதா?” என்று கேட்டார்.

“இல்ல. வலி இல்ல, ஒண்ணும் இல்ல.”

“தொட்டுப் பாக்கட்டுமா?”

தலையாட்டினேன். அவர் என் நெற்றியில் விரலை வைத்து மெல்ல இழுத்தார். துணிக்கு மேலே யாரோ தொடுவதுபோல இருந்தது.

“வழவழன்னுதான் இருக்கு” என்றார். சொன்னதும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. “ஐயோ, மன்னிச்சிடுங்க.”

“பரவால்லக்கா. அப்படித்தான் இருக்கு.”

அவர் அந்த பெப்டைட் சீரத்தையே வாங்கினார். காலையும் இரவும் போடுங்கள், பகலில் சன்ஸ்கிரீன் மறக்காதீர்கள் என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தேன். பிறகு கழிவறைக் கண்ணாடியில் பார்த்தேன். வலது பாதியில் கல்யாணமான புதிதில் இருந்த என் நெற்றி தெரிந்தது. எங்கள் அலமாரியில் இருக்கும் அத்தனை போத்தலும் தருவதாகச் சொல்வது அதைத்தான். சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து நின்றேன்.

சில மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை சாப்பிடும்போது, பள்ளி விடுமுறைக்குத் தன் தம்பி குடும்பத்தோடு வந்து தங்கப் போகிறான் என்றார் கணவர். என்னிடம் கேட்காமலே வரச் சொல்லியிருக்கிறார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“ஏய், இன்னொரு தடவ அப்படிப் பாரு!”

“எப்படி?”

“புருவத்தத் தூக்கு. கோடு வந்துருச்சும்மா, ரெண்டு பக்கமும்!”

உடனே ஜொகூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கடியில் தோல் மடிந்தது. போனில் மகள் ஏதோ கத்திச் சிரிப்பது கேட்டது. நானும் சிரிக்க வேண்டிய நேரம் என்று தெரிந்தது.

“தோசை ஆறுது, சாப்பிடுங்க” என்றேன்.

கொழுந்தன் குடும்பம் வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனது. என் முகத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.