அடக்கி வைத்த இருமல்

அறுபதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தையல்கடை ஒன்றில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை மிளகாய் அரைக்கும் மில். காலையில் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் சந்தே தும்மும். கடைக்காரர் தும்முவார். துணி கொடுக்க வந்த பெண்கள் தும்மிவிட்டுச் சிரிப்பார்கள். நான் மட்டும் தும்மக் கூடாது.

நான் ஆணாகப் பிறந்தவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு வருடம் தனியாகப் பேசிப் பேசி என் குரலை மெலிய வைத்திருந்தேன். ஆனால் தும்மலும் இருமலும் சொல்லிக்கொண்டா வருகின்றன? அடிவயிற்றிலிருந்து பழைய குரலோடு கிளம்பிவிடும். மூக்கைப் பிடித்து, மூச்சை விழுங்கி, ஒரு சின்ன 'இச்'சோடு முடித்துவிடுவேன். காது அடைத்துக்கொள்ளும். ஒரு வாடிக்கைக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தும்மறதுலகூட என்ன அடக்கம் பாருங்க இந்தப் பொண்ணுக்கு" என்று கடைக்காரரிடம் மெச்சினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

பிறகு நிஜமாகவே இருமல் வந்தது. மூன்று மாதம் அதையும் விழுங்கினேன். மாலையானால் காய்ச்சல் அடிக்கும். உடம்பு இளைத்ததில் என் ரவிக்கைகளை நானே இரண்டு முறை பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் மார்புநோய் கிளினிக்குக்குப் போய்ப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமியாரை அழைத்துக்கொண்டு அதே வாடிக்கைக்கார அம்மாவும் அங்கே வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

சிப்பந்தி ஒரு தமிழர். மூடி போட்ட கிண்ணம் ஒன்றைக் கொடுத்தார். "நெஞ்சுச் சளி வேணும்லா. நல்லா இழுத்து இருமுங்க" என்றார்.

எனக்குப் பழகிய விதத்தில் இருமினேன். வெறும் எச்சில்தான் வந்தது. திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறை, மூன்று மாதமாக உள்ளே கிடந்ததையெல்லாம் சேர்த்து இருமினேன்.

பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிப்பந்தி மேசையிலிருந்த என் அடையாள அட்டையை எடுத்து, அப்பா எனக்கு வைத்த பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "ஆம்பள பெஞ்சு அந்தப் பக்கம். எந்திரிச்சுப் போ."

'இருமுங்க' என்றவர் ஒரே இருமலில் 'போ'வுக்கு இறங்கிவிட்டார். அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

"சளி கேட்டீங்க, குடுத்துட்டேன். நான் இங்கதான் உட்காருவேன்" என்றேன். குரலை மெலிய வைக்கத் தோன்றவில்லை. இடத்தை விட்டு நகரவில்லை. அவரும் என்னைத் தொட்டு எழுப்பத் துணியவில்லை.

காசநோய்தான். வலது நுரையீரலில் நன்றாகப் பரவியிருந்தது. சீன டாக்டர் அம்மா, ஏன் இத்தனை நாள் இருமலை மறைத்தாய் என்று மலாயில் கடிந்துகொண்டார். இருமினால் வேலை போய்விடும் என்றேன். நோயைச் சொல்கிறேன் என்று நினைத்தார் போலும்; மருந்து தொடங்கிச் சில வாரங்களில் யாருக்கும் ஒட்டாது, வேலையைப் பறிக்கக் கூடாது என்று முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் போனபோது என் கத்தரிக்கோலும் அளவு நாடாவும் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி வாசலில் இருந்தன. அந்த வாடிக்கைக்கார அம்மா எனக்கு முன்பே வந்து போயிருந்தார். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர் காரணம் சொன்னார். கடிதத்தை நீட்டினேன். பிரிக்கவே இல்லை. குணமான பிறகு வரலாமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், இங்கே குடும்பப் பெண்கள் வருகிறார்கள் என்றார்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஊசியும் மாத்திரையுமாகக் கழிந்தது. பிழைத்தேன். பிறகு அங்கிருந்து தள்ளியிருந்த குவீன்ஸ்டவுன் பகுதியில் ஓர் அறை எடுத்து, பழைய தையல் இயந்திரம் ஒன்று வாங்கி, வீட்டிலேயே தைத்தேன். அங்கே நான் வாய்விட்டே இருமினேன். அதைக் கேட்டு வராமல் நின்றுபோனவர்கள் உண்டு. நின்றுபோகட்டும்.

எக்ஸ்ரே எடுக்கும்போதெல்லாம் வலது பக்கத் தழும்பைக் காட்டி, கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்கிறார்கள். நல்ல பெண் என்று பெயர் வாங்க, மூன்று மாதம் என் நெஞ்சை நானே அழுகவிட்டிருக்கிறேன். அந்தப் பெயரை ஓர் இருமலில் பிடுங்கிக்கொண்டவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.