சிவப்பு அம்பு ஒட்டிய டம்ளர்

பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை விரித்துப் பார்த்து, தையல் விலகிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எதையும் நம்பக் கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மாறாது. பாக்கெட் பால், ஆட்டோ மீட்டர், கீரைக்காரி கட்டும் கட்டு, எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

என் அண்ணன் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். ஈஜிபுராவில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிராக இரண்டு வீடு. ஒன்றில் அவரும் அண்ணியும், இன்னொன்றில் நாங்கள். ஒரு நாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போடும்போது வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, வாய் கோணிவிட்டது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பேச்சுதான் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது, "பரவாயில்ல." பசிக்கிறதா என்றாலும் பரவாயில்ல, வலிக்கிறதா என்றாலும் பரவாயில்ல. கோபத்தில் கத்தும்போதுகூட அதேதான்.

பேச்சைவிடப் பெரிய தொல்லை விழுங்குவது. குடிக்கிற தண்ணீர் போக வேண்டிய வழியில் போகாமல் நுரையீரல் பக்கம் நழுவுகிறது என்றார்கள். மூக்கு வழியாகப் போட்ட குழாயை அண்ணன் இடது கையால் பிடுங்கி எறிந்தார். அப்புறம் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து மறுபடி சேர்த்தபோது, பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி வந்தால் வயிற்றில் துளை போட்டு நேராகக் குழாய் வைக்க வேண்டியதுதான் என்றார். சக்கர நாற்காலியில் இருந்த அண்ணன் இடது கையால் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். பிரியாணிக்காகப் பட்டறைக்கு லீவு போடுகிற மனுஷன். அன்று முழுக்க அந்தக் கையை வயிற்றிலிருந்து எடுக்கவேயில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்தக் குழாய் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் போக வேண்டும். பயிற்சி கொடுப்பது ஒரு சின்னப் பெண், கன்னடக்காரி. எங்களுக்காகத் தமிழில் பேசுவாள், நடுநடுவே கன்னடம் வந்து விழும். பேச வைக்க வந்தவள், பேச வைத்த நேரம் போக, அண்ணனின் தொண்டையில் விரலை வைத்து ஒவ்வொரு வாய்க்கும் அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு டாக்டருக்குத் தண்ணீர் குடிப்பதில் என்ன வேலை என்று கேட்டேவிட்டேன். பேசுவதும் விழுங்குவதும் அதே நாக்கு, அதே தொண்டைதானே, இரண்டையும் நாங்கள்தான் பார்ப்போம் என்றாள். பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களை நான் செக்கிங்கில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு டப்பா பௌடர். தண்ணீர், மோர், காபி எதுவானாலும் இதைக் கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டுமாம். மெல்லிசாக இருந்தால் தொண்டை தயாராவதற்குள் ஓடிவிடுமாம். எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, ஒரு கடை சொல்கிறோம் என்றதும் எனக்கு உறுத்தியது. வீட்டுக்கு வந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அசல் சோள மாவு. சோள மாவுக்கு டப்பா போட்டு டாக்டர் வேஷம் கட்டியிருக்கிறார்கள் என்று காம்பவுண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

கத்தினாலும் குழாய் பயம் இருந்ததால் சொன்னபடி செய்தோம். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் அதே பௌடர் தண்ணீரை ஸ்பூனால் கொடுக்கும்போது ஒரு இருமல் வராது. வீட்டில் குடித்தால் மட்டும் கண் சிவந்து, தண்ணீர் கொட்டி, அப்படி ஒரு இருமல். அங்கே வராதது இங்கே வருகிறது என்றால் நடுவில் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதானே அர்த்தம். பகல் முழுக்க அண்ணனோடு இருப்பது அண்ணி மட்டும்தான்.

அண்ணி முறைக்குத்தான் பெரியவள், வயதில் என்னைவிடச் சின்னவள். இளகின மனசு. அண்ணன் காபிப் பைத்தியம். கொழகொழவென்று வரும் காபியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவள் பாவம் பார்த்து, நான் ஷிஃப்டுக்குப் போனதும் நல்ல காபியாகக் கொடுக்கிறாள் என்று எனக்குப் பட்டது. பட்டதுமே முடிவும் ஆகிவிட்டது. கண்ணாடி டப்பாவில் காபித்தூள் எவ்வளவு இருக்கிறதோ அந்த மட்டத்தில் வெளியே ஒரு சிவப்பு அம்பை ஒட்டினேன். மறுநாள் தூள் இறங்கியிருந்தது. அண்ணியும் காபி குடிப்பவள்தான், இருந்தாலும் இவ்வளவா? அடுத்து, அண்ணனுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாகப் பிரித்து அதிலும் அம்பை ஒட்டினேன். அவருக்கு இதில்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரும் இதைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன். சாயங்காலம் வந்ததும் அந்த டம்ளரை மோந்து பார்ப்பேன். அண்ணி வாசலில் போய் நின்றுகொள்வாள்.

சில நாள் நானே கலக்கிக் கொடுத்து எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் இருமினார். பகலில் ஊற்றிய காபி தொண்டையைப் புண்ணாக்கி வைத்திருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். சந்தேகப்படுகிறவளுக்குக் காரணமா கிடைக்காது?

ஒரு நாள் வேலை முடிந்து வந்து அண்ணன் நெற்றியைத் தொட்டால் சுட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணி, உண்மைய சொல்லு. காபி குடுக்கிறியா இல்லியா?"

அண்ணி மடித்ததைக் கீழே வைத்தாள். "அந்த மனுஷன் வயித்துல குழாயோட கெடக்கணும்னு நான் நெனப்பனா? உங்களுக்கு அவரு அண்ணன். எனக்கு இன்னா, யாரோவா?"

சொல்லிவிட்டு அழுதாள். அழுகையையும் நான் நம்பவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் தந்திருந்த பட அட்டையை, வேண்டியதைத் தொட்டுக் காட்டுவதற்கென்று இருப்பதை, அண்ணனிடம் நீட்டினேன். காபி கொடுத்திருந்தால் காபிப் படத்தைத் தொடு என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பரவாயில்ல என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, டம்ளரைச் சாட்சியாகப் பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவில் அண்ணனுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, சளி ஆரம்பிக்கிறது, ஒரு வாரம் மருந்து கொடுத்துப் பார்ப்போம், அடங்காவிட்டால் குழாய்தான் என்றார். அண்ணனின் இடது கை வயிற்றுக்குப் போய்விட்டது.

பயிற்சி அறையில் அண்ணியை வைத்துக்கொண்டே என் வழக்கை எடுத்து வைத்தேன். அந்தப் பெண் முழுக்கக் கேட்டாள். பிறகு அண்ணியைப் பார்த்து, "வீட்டுல எப்படி குடுப்பீங்களோ, இங்க அப்படியே குடுங்க. ஸ்வல்பமும் மாத்தாதீங்க" என்றாள்.

அண்ணி பௌடரை அளந்து போட்டுக் கலக்கினாள். பதம் சரியாக இருந்தது. டம்ளரை அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணன் அதை இடது கையில் வாங்கி, முகத்துக்கு மேலே உயர்த்தி, கூரையைப் பார்க்கிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். மொத்தமாக விழுந்தது. இருமல் வந்தது.

அந்தப் பெண் பாய்ந்து டம்ளரைப் பிடித்தாள். "தலை மேலே பேடாம்மா, வேண்டாம். அண்ணாந்தா மூச்சுக்குழாய் வழி தெறந்துடும், கெட்டியா இருந்தாலும் அங்கதான் போகும். இதை ஏன் யாருமே சொல்லல?"

எதைச் சொல்வது? அண்ணாந்து குடிப்பதெல்லாம் ஒரு சேதியா? எங்கள் காம்பவுண்டில் எல்லோருமே அப்படித்தான் குடிக்கிறோம். அவளே கொஞ்ச நேரம் கழித்து, எங்க வீட்டிலும் சொம்பில் அப்படித்தான், நான்தான் கேட்டிருக்க வேண்டும் என்றாள். நான் தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள். பதத்தைப் பார்த்தேன், டம்ளரை மோந்து பார்த்தேன். கழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இனி உதட்டில் வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும் என்று அவள் செய்து காட்டினாள். அண்ணன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். டம்ளரைத் தள்ளினார். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று சத்தம் போட்டார். களைத்துவிட்டார் போல என்றாள் அந்தப் பெண். அண்ணிக்கும் புரியவில்லை. அண்ணனின் விரல் அந்தச் சிவப்பு அம்பின் மேல் இருந்தது. எனக்குப் புரிந்தது.

எங்கள் அப்பா கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். பின்பக்க ஜன்னலில் அவருக்கென்று தனி டம்ளர். மற்றதோடு கலந்துவிடக் கூடாதென்று அதில் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு வைத்திருந்தார்கள். அப்பா அதை ஒரு நாளும் எடுக்கவில்லை, தோட்டக் குழாயில் கையேந்திக் குடித்துவிட்டு வருவார். எந்த வீட்டு டம்ளரிலும் வாய் வைக்காதே, உன் வாய் பட்டதென்று எவனும் அதைத் தனியாக எடுத்து வைக்கும்படி விடாதே என்று சொல்லித்தான் எங்கள் இருவரையும் வளர்த்தார். அண்ணன் சொந்த வீட்டில்கூட அதை விடவில்லை. அவர் கையில் சிவப்புக் குறி போட்ட தனி டம்ளரைக் கொடுத்து, இதில் வாயை வை என்கிறோம்.

நகத்தால் சுரண்டி அம்பைப் பிய்த்து எடுத்தேன். "அண்ணே, இது நம்ம வீட்டு டம்ளரு" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்குத்தானே அண்ணன். டம்ளரை என் பக்கம் நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் உதட்டில் வைத்துக் குடித்தேன். வழவழவென்று, ருசியே இல்லாமல், கஞ்சியின் மேல்தண்ணி மாதிரி இருந்தது. என் தொண்டை இறங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டு, டம்ளரை வாங்கி, அதே விளிம்பில் வாயை வைத்தார். தாடை இறங்கியது. விழுங்கினார். இருமல் வரவில்லை.

மருந்து முடிந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காபித்தூள் டப்பாவின் அம்பை மட்டும் என்னைப் பிய்க்க விடமாட்டேன் என்கிறாள். தூள் இறங்கும்போதெல்லாம் கூப்பிட்டுக் காட்டி, செக் பண்ணிக்கோங்க மேடம் என்கிறாள். பௌடர் சோள மாவு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அண்ணன் இப்போது கையில் கிடைத்த டம்ளரில் குடிக்கிறார். ஆனால் தினமும் கடைசி ஒரு வாயை மிச்சம் வைத்து என்னிடம் நீட்டுகிறார். நான் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறேனா என்று கண் கொட்டாமல் பார்க்கிறார். நான் வாய் வைத்துத்தான் குடிக்கிறேன்.