ஒரே அடுப்பு, இரண்டு பள்ளிகள்

புதுச்சேரி, முதலியார்பேட்டை. மில் சங்கு ஊதி ஓய்கிறது. பெற்றோர் பள்ளிக்கூடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று, கல்லூரி ஆய்வுக்காக வீடு வீடாகக் கேட்டு வருகிறேன்.

இந்த வீட்டில் அண்ணன், தம்பி என இரண்டு குடும்பங்கள். அடுப்பு ஒன்றுதான். அண்ணன் மகள் இட்லி தின்றுவிட்டு பிரெஞ்சுப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். தம்பி மகள் படிப்பது அரசுத் தமிழ்ப் பள்ளியில். ஏன் இப்படி என்று தம்பியின் மனைவியிடம் கேட்கிறேன்.

"பதினஞ்சு வருசம் முன்னாடி, பிரான்சு இந்த ஊர இந்தியாகிட்ட உட்டப்ப, எந்த நாட்டு ஆளா இருக்கப் போறீங்கன்னு கேட்டாங்க சார். மூத்தாரு பிரான்சுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. எங்க ஊட்டுக்காரரு ஸ்டிரைக்குன்னு மில்லு கேட்டாண்ட குந்தியிருந்தாரு. எழுதிக் குடுக்குற கெடு முடிஞ்சிபோச்சு."

பள்ளிக்கு நேரமாகியும் மகளை அனுப்பவில்லை. எண்ணெய் வைத்துச் சீவி, பவுடர் பூசி, என் எதிரே உட்கார வைத்திருக்கிறாள்.

"விசாரிக்க ஆளு வருதுன்னாங்க. அதான் லீவு போட்டேன். இப்பவாச்சும் எங்களச் சேத்துக்குவீங்களா?"

நான் வெறும் மாணவன், பிரெஞ்சு அரசாங்கத்து ஆள் இல்லை என்கிறேன். அது அவள் காதில் ஏறவில்லை. மகளின் தோளைத் தட்டுகிறாள்.

"அக்கா சொல்லிக் குடுத்தாளே, சாருகிட்ட பிரெஞ்சுல வணக்கம் சொல்லுடி."

சிறுமி எழுந்து நிற்கிறாள். கைகளைக் கட்டிக்கொண்டு, "போன்ழூர், முசியே" என்கிறாள்.